படுக்கையறைச் சுவரோரம் பிறந்த கணக்கு

சுங்கை வேயில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா ‘பிரீ டிரேட்’ கம்பெனி ஒன்றில் முப்பது ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1972இல் இங்கே தடையற்ற வாணிப மண்டலம் வந்த பிறகு, ரப்பர் தோட்டத்துப் பால் வாளியைக் கீழே வைத்துவிட்டு மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் போய் உட்கார்ந்த தலைமுறை அவருடையது. தலைமுடியைவிட மெல்லிய கம்பியைச் சில்லில் ஒட்டும் வேலை. மணிக்கு இத்தனை என்று டார்கெட். லைன் தொடங்கும் இடத்தில் ஒரு பலகை தொங்கும். அதில் டார்கெட், அவுட்புட், ரிஜெக்ட் என்று மூன்று கட்டம். போனஸ், ஓவர்டைம், சூப்பர்வைசரின் முகம் எல்லாமே அந்த மூன்று கட்டத்துக்குள் அடங்கிவிடும்.

அக்காவின் மகன் இன்று பல்கலைக்கழக விரிவுரையாளர். தீபாவளிக்கு முந்தின வாரம் முறுக்கு வாங்கப் போயிருந்தேன். தம்பி கைப்பேசியைப் பார்த்தபடி முகம் வாடி உட்கார்ந்திருந்தான்.

“என்ன தம்பி?” என்றார் அக்கா.

“பேப்பர் ரிஜெக்ட் ஆயிருச்சும்மா.”

“யாரு ரிஜெக்ட் பண்ணது? கியூசியா?”

“கிட்டத்தட்ட அதேதான்.”

“இன்னும் எத்தன பீஸ் பாக்கி?”

“ரெண்டு. டிசம்பருக்குள்ள ஸ்கோப்பஸ்ல வரணும். அதுல ஒன்னு கியூ ஒன்னா இருக்கணும்.”

அக்கா தலையாட்டிவிட்டு அடுத்த ஈடு பிழியப் போனார். ஸ்கோப்பஸ் என்றால் என்னவென்று அவர் கேட்கவில்லை. டார்கெட் என்று புரிந்துவிட்டது, அது போதும்.

ஸ்கோப்பஸ் என்பது 2004இல் எல்சவியர் பதிப்பகம் தொடங்கிய தரவுத்தளம். எந்தக் கட்டுரையை எந்தக் கட்டுரை மேற்கோள் காட்டியது என்று கணக்கு வைத்திருக்கும் பேரேடு என்று வைத்துக்கொள்ளலாம். அந்தக் கணக்கை வைத்து ஒரு துறையின் இதழ்களை வரிசைப்படுத்தி நான்காகக் கூறு போட்டால், மேலே இருக்கும் கால்வாசிதான் ‘கியூ ஒன்’. இதெல்லாம் அமெரிக்கக்காரன் கண்டுபிடித்த வேலை என்று தம்பி நினைத்துக்கொண்டிருந்தான். பாதி சரிதான். ஆனால் ஆய்வை எண்ணிப் பார்க்கும் இந்தக் கலையின் முக்கியமான கோடு ஒன்று கிழிக்கப்பட்டது நம் வீட்டில், மலாயாவில்.

1940களின் இறுதியில் டெரெக் பிரைஸ் என்ற இளம் ஆங்கிலேயர் சிங்கப்பூர் ராபிள்ஸ் கல்லூரிக்குக் கணிதம் கற்பிக்க வந்தார். 1949 அக்டோபரில் அந்தக் கல்லூரியும் எட்வர்ட் மன்னர் மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து மலாயாப் பல்கலைக்கழகம் ஆயின. பாண்டாய்ப் பள்ளத்தாக்கில் இன்று நிற்கும் மலாயாப் பல்கலைக்கழகத்துக்கு அதுதான் மூதாதை. 1959இல் கோலாலம்பூரில் கிளை வந்தது, 1962இல் கிளை தனிக்குடித்தனம் போனது.

கல்லூரிக்கு அப்போது லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழ்த் தொகுதிகள் வந்து சேர்ந்திருந்தன. 1665இல் வெளிவரத் தொடங்கிய இதழ் அது. ஏறத்தாழ 1850 வரையிலான தொகுதிகள். நூலகக் கட்டடமோ இன்னும் முடியவில்லை. புத்தகங்களை எங்கே வைப்பது? பாதுகாப்பாக இருக்கட்டும் என்று பிரைஸ் அவற்றைத் தன் வீட்டுக்கே கொண்டுபோய்விட்டார். படுக்கைப் பக்கத்துச் சுவரோரமாகப் பத்தாண்டுக்கு ஓர் அடுக்கு என்று அடுக்கினார். ராத்திரியில் ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தார்.

படிக்கும்போதெல்லாம் அடுக்குகளின் தலை கண்ணில் பட்டுக்கொண்டே இருந்திருக்க வேண்டும். முதல் சில அடுக்குகள் தரையோடு தரையாகக் கிடந்தன. அடுத்தவை கொஞ்சம் எழுந்தன. பிறகு ஒவ்வோர் அடுக்கும் முந்தையதைவிடக் கூட்டியல்ல, பெருக்கி உயர்ந்திருந்தது. கோலாலம்பூர் லெபோ அம்பாங் செட்டியார் கிட்டங்கியில் கணக்கெழுதிய எவருக்கும் இந்தக் கோடு தெரியும். வட்டிக்கு வட்டி ஏறும் கோடு அது. கணித வாத்தியாருக்குத் தெரியாமல் போகுமா? அறிவியல் வட்டிக்கு வட்டி கணக்கில் வளர்கிறது என்று பிரைஸ் முடிவு கட்டினார். 1950இல் ஆம்ஸ்டர்டாமில் நடந்த அறிவியல் வரலாற்று மாநாட்டில் இதைப் படித்தார். அன்று பெரிய சலசலப்பு ஒன்றும் எழவில்லை. 1963இல் ‘லிட்டில் சயின்ஸ், பிக் சயின்ஸ்’ என்ற நூலாக விரிவாக எழுதியபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. இந்த வேகத்தில் போனால் ஒருநாள் ஆண், பெண், குழந்தை, நாய் என்று தலைக்கு இரண்டு விஞ்ஞானி இருப்பார்கள் என்று அதில் கிண்டலும் செய்திருக்கிறார். ஆய்வை எண்ணும் துறைக்குத் தந்தை என்று இன்று அவரைத்தான் சொல்கிறார்கள்.

இங்கே ஒரு சின்ன விலகல். சிங்கப்பூரில் இருந்த அதே மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1950 முதல் வரலாற்றுப் பேராசிரியராக இருந்தவர் நார்த்கோட் பார்க்கின்சன். அலுவலகத்தில் வேலை கூடினாலும் குறைந்தாலும் ஆட்கள் மட்டும் கூடிக்கொண்டே போவார்கள் என்று 1955இல் எழுதிப் புகழ்பெற்றாரே, அவரேதான். ஆய்வு எப்படிப் பெருகுகிறது என்று ஒருவரும், அலுவலகம் எப்படிப் பெருகும் என்று இன்னொருவரும் ஒரே பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். ஆண்டுக் கடைசியில் கேபிஐ பாரம் நிரப்பும் நம் விரிவுரையாளர்களுக்கு இது கொஞ்சம் ஆறுதலாக இருக்கலாம்.

பிரைஸ் சிங்கப்பூரில் புத்தகம் அடுக்கிய அதே காலத்தில், 1948இல், இங்கிலாந்தின் லீமிங்டன் ஸ்பா நகரில் ஒரு நூலகர் மாநாடு. அங்கே எழுந்து பேசியவர் சீர்காழிக்காரர், எஸ்.ஆர். ரங்கநாதன். உயிரியலுக்கும் உளவியலுக்கும் பொருளியலுக்கும் அளவையியல் இருக்கிறதே, நூலகத்துக்கும் ஒன்று வேண்டாமா என்று கேட்டு, ‘லைப்ராமெட்ரி’ என்று பெயரும் வைத்தார். ஆங்கிலத்தில் ‘பிப்ளியோமெட்ரிக்ஸ்’ என்ற சொல் வழக்குக்கு வர இன்னும் 21 ஆண்டு இருந்தது. ரஷ்ய மொழியில் ‘நவுகாமெத்ரியா’ நூல் வந்ததும் அதே 1969இல்தான்.

ரங்கநாதன் அடிப்படையில் கணக்கு வாத்தியார். சென்னை மாநிலக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவரை 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக்கினார்கள். போன சில நாளிலேயே வேலை அலுத்து, பழைய நாற்காலியைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டு வந்தவர். லண்டனுக்குப் போய்ப் படித்துவிட்டு வா, அப்புறம் பார்க்கலாம் என்று அனுப்பிவைத்தார்கள். திரும்பி வந்த பிறகு சாகும் வரை நூலகத்தை விடவில்லை. அவர் எண்ண விரும்பியவை வேறு. ஒரு நாளில் எத்தனை பேர் வாசிக்க வருவார்கள், எந்த நேரத்தில் கூட்டம், எந்தப் புத்தகம் எத்தனை முறை வெளியே போய் வருகிறது, அதற்கு எத்தனை ஆள் வேண்டும், எத்தனை நாற்காலி வேண்டும். எண்ணுவதெல்லாம் வாசகன் காத்திருக்கக் கூடாது என்பதற்காக. புத்தகம் எழுதியவனுக்கு மார்க் போட அவர் எண்ணவில்லை.

இந்தக் கதையில் வரும் மற்றவர்களும் பெரும்பாலும் நூலகக் காரியத்துக்காக எண்ணியவர்கள்தான். கலிபோர்னியாவின் பொமோனா கல்லூரியில் இருந்த கிராஸ் என்ற இருவர், எந்த வேதியியல் இதழுக்குச் சந்தா கட்டுவது என்று தெரியாமல், அமெரிக்க வேதியியல் சங்கத்தின் இதழை எடுத்து, ஓராண்டுக் கட்டுரைகளின் அடிக்குறிப்புகளை உட்கார்ந்து எண்ணினார்கள். 3,633 மேற்கோள்கள். அடிக்கடி பெயர் வரும் இதழை முதலில் வாங்கு என்று 1927இல் எழுதினார்கள். கையில் இருக்கும் காசுக்கு எது வாங்கலாம் என்ற குடும்பத்தலைவி கணக்கு. குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

அமெரிக்க வக்கீல்களிடம் இன்னும் பழைய வழக்கம் ஒன்று இருந்தது. 1873இல் பிராங்க் ஷெப்பர்ட் என்பவர் பசை தடவிய சின்னச் சீட்டுகளை அச்சடித்து விற்றார். ஒரு தீர்ப்பைப் பின்னால் எந்தெந்தத் தீர்ப்புகள் எடுத்தாண்டன, எது தள்ளிவைத்தது என்று அதில் இருக்கும். வக்கீல் அதைத் தன் சட்டப் புத்தகத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொள்வார். செத்துப்போன தீர்ப்பை நீதிபதி முன் வைத்து மூக்குடைபடாமல் இருக்க ஒரு வழி.

யூஜின் கார்பீல்டுக்கு இது தெரியாது. வேதியியல் படித்துவிட்டு, 1950களின் தொடக்கத்தில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவக் கட்டுரைகளை எந்திரம் கொண்டு அட்டவணைப்படுத்தும் திட்டத்தில் இருந்தவர். ஷெப்பர்ட் நிறுவனத்தில் துணைத்தலைவராக இருந்து ஓய்வு பெற்ற வில்லியம் அடேர், அந்தத் திட்டத்தைப் பற்றிப் பத்திரிகையில் படித்துவிட்டு, எங்கள் சீட்டு முறை அறிவியலுக்கு ஆகுமா பாருங்கள் என்று ஒரு கடிதம் போட்டார். அந்தக் கடிதத்தில்தான் பொறி விழுந்தது. 1955இல் ‘சயின்ஸ்’ இதழில் கார்பீல்டின் கட்டுரை வந்தது. தப்பென்று நிரூபிக்கப்பட்ட கட்டுரையைத் தெரியாமல் யாரும் மேற்கோள் காட்டிவிடக் கூடாது என்பதுதான் அதில் அவருடைய முதல் கவலை.

நியூ ஜெர்சியில் ஒரு பழைய கோழிக்கொட்டகையில் தொழிலைத் தொடங்கியவர், 1960இல் பிலடெல்பியாவில் ஐ.எஸ்.ஐ. என்ற நிறுவனமாக அதை நிமிர்த்தினார். நம் பல்கலைக்கழகங்களில் மூத்தவர்கள் இன்றும் “ஐ.எஸ்.ஐ. பேப்பர் இருக்கா?” என்று கேட்பது இந்த ஐ.எஸ்.ஐ.தான், நிறுவனம் கைமாறிக் கைமாறிப் போன பிறகும். 1963இல் முதல் மேற்கோள் அட்டவணை வந்தது. 613 இதழ்கள், 14 லட்சம் மேற்கோள்கள். எந்தெந்த இதழ்களைச் சேர்ப்பது என்று முடிவு செய்ய கார்பீல்டும் இர்விங் ஷெரும் ஒரு வகுத்தல் கணக்குப் போட்டார்கள். பெரிய இதழ் நிறையக் கட்டுரை போடுவதால் நிறைய மேற்கோள் வாங்கும். சிறிய ஆனால் தரமான இதழ் அடிபட்டுப் போகும். அதனால் மேற்கோளைக் கட்டுரை எண்ணிக்கையால் வகு. ஓர் இதழ் 2022, 2023 இரண்டு ஆண்டுகளில் 100 கட்டுரை வெளியிட்டு, அவற்றை 2024இல் 250 முறை மேற்கோள் காட்டியிருந்தால், அதன் தாக்க எண் 2.5. அவ்வளவுதான் இம்பேக்ட் பேக்டர். சின்னவனுக்கு நியாயம் செய்யப் பிறந்த வகுத்தல்.

இது ஆளை நிறுக்கும் தராசாக மாறியது எப்படி? ஒரே நாளில் மாறவில்லை. 1970களின் நடுவில் இதழ்களின் எண்கள் ஆண்டுதோறும் அச்சாகி வரத் தொடங்கின. எண் கையில் கிடைத்தது. நூறு விண்ணப்பம் மேசையில் இருக்கும்போது கட்டுரையைப் படிக்க நேரம் வேண்டும், எண்ணைப் பார்க்க ஒரு விநாடி போதும். வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ஆனால் அந்த எண் கட்டுரையின் எண் அல்ல, இதழின் சராசரி. சுங்கை வேக்குப் பக்கத்தில் சீபோர்ட் தோட்டம் இருந்தது. இன்று தமிழ்ப்பள்ளியின் பெயரில்தான் தோட்டம் மிச்சம். தோட்டத்தில் பால் நிறுத்த கதையை அக்காவின் அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஸ்டோருக்கு வாளி வந்ததும் எடை போடுவார்கள். எடையோடு விடமாட்டார்கள். தண்ணீர் கலந்திருந்தால்? அதற்குத்தான் மெட்ரோலாக் என்ற மிதவை. பாலில் விட்டால் அது எவ்வளவு முங்குகிறதோ அதை வைத்து, எத்தனை பங்கு ரப்பர், எத்தனை பங்கு தண்ணீர் என்று தெரிந்துவிடும். அவரவர் வாளி, அவரவர் கணக்கு. எல்லார் பாலையும் டாங்கியில் ஊற்றிக் கலந்த பிறகு மிதவையை விட்டு, அந்த ஒரே அளவை ஒவ்வொருவர் பெயரிலும் எழுதிய கிராணி எந்தத் தோட்டத்திலும் இருந்திருக்க மாட்டான். இதழின் தாக்க எண்ணைக் கட்டுரை எழுதியவர் தலையில் எழுதுகிறவர்கள் செய்வது அதைத்தான். ‘நேச்சர்’ இதழே 2005இல் தன் கணக்கைத் திறந்து காட்டியது. அதன் எண்ணில் 89 விழுக்காடு, வெறும் கால்வாசிக் கட்டுரைகள் சம்பாதித்துக் கொடுத்தது. மிச்ச முக்கால்வாசி அந்த டாங்கியில் சும்மா மிதந்தவை.

அதே 2005இல் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் தனியாளுக்கே ஓர் எண் செய்து கொடுத்தார். குறைந்தது பத்து மேற்கோளாவது பெற்ற கட்டுரை உங்களிடம் பத்து இருந்தால், உங்கள் எச்-எண் பத்து. வாளிக்கு வாளி நிறுப்பதால் இது கொஞ்சம் நேர்மை. ஆனால் எடை மட்டும்தான், மிதவை இல்லை. திட்டுவதற்காகக் காட்டிய மேற்கோளும் மேற்கோள்தான். உலகிலேயே அதிக மேற்கோள் பெற்ற கட்டுரை எது தெரியுமா? புரதத்தின் அளவைக் கண்டுபிடிக்க ஒரு செய்முறை சொல்லி 1951இல் லவுரி எழுதியது. மூன்று லட்சத்துக்கு மேல். சமையல் குறிப்பு மாதிரி, வேலைக்கு உதவுகிறது, எல்லாரும் சொல்கிறார்கள். அதை ஐன்ஸ்டைனுக்கு மேல் வைக்க யாரும் துணியமாட்டார்கள்.

தமிழ்நாட்டிலும் இந்தக் கணக்கைக் கையிலெடுத்தவர் உண்டு. தகவலியல் அறிஞர் சுப்பையா அருணாசலம் கார்பீல்டின் அட்டவணையை வைத்து, 1980க்கும் 2000க்கும் இடையே இந்திய அறிவியலின் பங்கு தேய்ந்திருக்கிறது என்று எழுதியபோது டில்லியில் பலருக்குச் சுட்டது. நாட்டின் உடம்பைப் பார்க்கும் வெப்பமானியாக அதைப் பயன்படுத்திய அவரே, ஆளுக்கு மார்க் போட இதழின் எண்ணைப் பயன்படுத்துவதைக் கண்டித்தும் எழுதினார். கார்பீல்டும் பிற்காலத்தில் தன் பிள்ளையை அணுசக்தியோடு ஒப்பிட்டார். நல்லவன் கையில் விளக்கு எரியும், மற்றவர் கையில் என்ன ஆகுமோ என்ற பொருளில்.

தமிழ்த்துறைக்காரர்கள் நிலை இன்னும் விசேஷம். 1961இல் தனிநாயகம் அடிகள் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமையேற்றார். 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு நடந்த அதே ஆண்டில், தமிழாய்வு நூல்களுக்கு ஒரு வழிகாட்டிப் பட்டியலைத் தொகுத்துப் பல்கலைக்கழகப் பதிப்பாகவும் கொண்டுவந்தார். யார் எதை எழுதியிருக்கிறார்கள் என்று தேடுகிறவனுக்குக் கைகாட்டும் பட்டியல். ரங்கநாதன் வழி எண்ணல். ஆனால் பிலடெல்பியாப் பேரேடு கலை, மொழி, இலக்கிய இதழ்களுக்கு 2023 வரை தாக்க எண்ணே கொடுத்ததில்லை. அரை நூற்றாண்டுக்கு அந்த எண் இல்லாத துறையில் இருந்துகொண்டு, அந்த எண்ணை அடிப்படையாக வைத்த பாரத்தை நிரப்பியவர்களை எனக்குத் தெரியும். ஒருவர் அந்தக் கட்டத்தில் கோடு போட்டுவிடுவாராம். “ஜீரோ போட்டா மனசு கேக்கல சார்” என்றார்.

நம் நாட்டில் இது சட்டமாக உட்கார்ந்தது 2006இல். மலாயா, யூ.எஸ்.எம்., யூ.கே.எம்., யூ.பி.எம். நான்கும் ஆய்வுப் பல்கலைக்கழகங்களாக அறிவிக்கப்பட்டன. 2010இல் யூ.டி.எம். சேர்ந்தது. அவற்றை அளக்க வந்த கருவி ‘மைரா’. கட்டுரை, மேற்கோள், மானியம், பிஎச்டி மாணவர் என்று எல்லாவற்றுக்கும் புள்ளி. பல்கலைக்கழகத்துக்கு வந்த புள்ளிக் கணக்கு துறைக்கு இறங்கியது. துறையிலிருந்து ஆளுக்கு இறங்கியது. சுங்கை வே கம்பெனிப் பெயரைச் சுருக்கிப் பிறந்த சன்வே இன்று தன் பெயரில் ஒரு பல்கலைக்கழகமே நடத்துகிறது. தனியாருக்கும் தரவரிசை வேண்டும், அங்கேயும் இதே பேச்சுதான். கம்பெனிப் பலகையின் மூன்று கட்டம் பெடரல் நெடுஞ்சாலையைத் தாண்டி வளாகங்களுக்குள் போய்விட்டது என்று அக்காவிடம் சொன்னேன். “அங்கயாச்சும் ஏர்கோன் இருக்கும்” என்றார்.

இந்த எண் பசி நமக்கு எப்போது தொற்றியது என்று கேட்டால், நான் 2004 நவம்பர் என்று சொல்வேன். லண்டன் டைம்ஸ் உயர்கல்வி இணைப்பிதழ் தன் முதல் உலகத் தரவரிசையை வெளியிட்டது. தரவு திரட்டியது கியூ.எஸ். நிறுவனம். மலாயாப் பல்கலைக்கழகத்துக்கு 89ஆம் இடம். வளாகத்தில் வாழ்த்துப் பதாகைகள் ஏறின. உலகின் முதல் நூறுக்குள் நாம்!

அந்தத் தரவரிசையில் சக கல்வியாளர் கருத்துக்கு 50 விழுக்காடு, மேற்கோளுக்கு 20, மாணவர்–ஆசிரியர் விகிதத்துக்கு 20. மிச்சம் பத்து, வெளிநாட்டு ஆசிரியருக்கும் வெளிநாட்டு மாணவருக்கும் ஐந்து ஐந்து. மலாயாவின் வெளிநாட்டார் கணக்கு ஏகத்துக்குத் தூக்கலாக இருந்தது. பிறகுதான் தெரிந்தது, பல்கலைக்கழகத்திலிருந்த மலேசியச் சீனர்களையும் மலேசிய இந்தியர்களையும் வெளிநாட்டவர் பத்தியில் சேர்த்து எண்ணியிருக்கிறார்கள். கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் சுங்கை வேயிலும் பிறந்து, நீல நிற அடையாள அட்டையோடு பஸ் ஏறிப் படிக்கப் போன பிள்ளைகள் அந்தப் பட்டியலில் அந்நியர்கள். யாரும் வேண்டுமென்று செய்ததாகத் தெரியவில்லை. ஒரு பாரத்தில் ஒரு கட்டம், அதில் ஒரு எண், அவ்வளவுதான்.

2005இல் தவறு திருத்தப்பட்டது. நம் பிள்ளைகள் மறுபடி மலேசியர் ஆனார்கள். பல்கலைக்கழகம் 169ஆம் இடத்துக்குப் போனது.